முடிச்சு வேண்டாத கறுப்பு ஷூ

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், திண்டுக்கல் நாகல் நகரில் நடந்தது இது. ரேஷன் கடைக்குப் போய்விட்டு நான் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே என் கணவர் இல்லை.

மனிதர் வெளியே போனதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். அவருக்குப் பேச்சு வராது. வலது கை விழுந்துவிட்டது. வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். பதினோரு மாதமாக என் தோளைப் பிடிக்காமல் அவர் வாசற்படி இறங்கியதே இல்லை.

அதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் பிரதிநிதியாக இருந்தார். ஊர் ஊராகப் போய் டாக்டர்களைப் பார்த்துத் தங்கள் கம்பெனி மருந்துகளைப் பற்றி எடுத்துச் சொல்கிற வேலை. திங்கட்கிழமை நத்தம், செவ்வாய்க்கிழமை வத்தலக்குண்டு என்று ஒவ்வொரு நாளைக்கும் ஓர் ஊர். வெள்ளிக்கிழமை என்றால் வடமதுரை. முழுக்கைச் சட்டையை இன் பண்ணி, பெல்ட் போட்டு, கறுப்பு லேஸ் ஷூவும் கறுப்புப் பையுமாகக் கிளம்புவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை விரித்துப் போட்டுக்கொண்டு ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். நான் கேலி பண்ணுவேன். "டாக்டர் நம்மளப் பாக்குறதே ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷமாச்சும் ஒழுங்கா நிக்க வேணாமா?" என்பார்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு போன் வரும். "முடிச்சிட்டேன். வாரேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் நான் இட்லிப் பானையை அடுப்பில் வைப்பேன்.

ஒருநாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாகக் குனிந்தே இருந்தார். நான் சமையலறையிலிருந்து, "பஸ்ஸு போயிரும்" என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. வந்து பார்த்தால் லேஸ் விரலிலிருந்து நழுவிக் கிடக்கிறது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. பக்கவாதம். மதுரையில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உயிர் தங்கியது. ஆனால் பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. "சரி." தண்ணீர் வேண்டும் என்றாலும் சரி, வலிக்கிறது என்றாலும் சரி. மனதில் வேறு என்ன இருந்தாலும் வாயில் அதுதான் வரும், சில பேருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் விளக்கமாகச் சொன்னார். நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பெரிய பாடு துணி மாட்டுவதுதான். ஒரு பட்டன் போடுவதற்குள் அவருக்கும் எனக்கும் வியர்த்துவிடும். பேன்ட் கொக்கி, பெல்ட், ஷூ, எல்லாமே இரண்டு கை கேட்கிற சாமான்கள். எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். கூடமாட உதவிக்கு ஆள் கிடையாது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர், "சுலபமா மாட்டுற மாதிரி துணி வாங்கிக்கங்கம்மா" என்றார். நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கோடு போட்ட பேன்ட், தொளதொளவென்று கழுத்து அகலமான டி-ஷர்ட், ஓட்டை ஓட்டையாக இருக்கிற ரப்பர் ஷூ. அந்த ஷூவில் காலை நுழைத்தால் போதும். பட்டன், கொக்கி, முடிச்சு ஒன்றும் கிடையாது. ஐந்து நிமிடத்தில் அவர் தயார்.

"இது சௌகரியமா இருக்கா?" என்று கேட்டேன். "சரி" என்றார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சொந்தக்காரர்களிடம் போனில் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

பழைய சட்டைகளை அலமாரியில் மேல் தட்டுக்கு ஏற்றினேன். ஷூவை டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கறுப்புப் பையை மட்டும் ஆணியிலிருந்து எடுக்க மனசு வரவில்லை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் நான் அந்தப் பையைப் பார்ப்பேன், அப்புறம் போனைப் பார்ப்பேன். மனிதர் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் அந்த இரண்டு வார்த்தைக்காகக் காது ஏங்கும். இதை யாரிடம் சொல்ல முடியும்? உயிர் பிழைத்து வந்ததே பெரிசு என்று இருக்க வேண்டியவள், போன் வரவில்லை என்று அழுதால் சிரிக்க மாட்டார்களா?

அவர் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். தெரு முனைவரை நடக்கலாம் என்று கூப்பிட்டால் "சரி" என்பார், எழுந்திருக்க மாட்டார். கூட வேலை பார்த்த இரண்டு பேர் பழங்களோடு பார்க்க வந்தார்கள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நோய் அப்படிப் பண்ணுகிறது என்றுதான் நினைத்தேன்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

கதவு திறந்து கிடந்தது என்றேன் இல்லையா, ரப்பர் ஷூ வாசலில் அப்படியே இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்த டப்பா திறந்திருந்தது. உள்ளே ஷூ இல்லை. ஆணியில் பையும் இல்லை. எங்கள் பக்கம் ரயில் பாதை இருக்கிறது. புத்தி நேராக அங்கேதான் போனது. ரேஷன் சர்க்கரையை வாசலிலேயே போட்டுவிட்டுத் தண்டவாளத்தைப் பார்க்க ஓடினேன். எதிரே வந்தவர்களிடமெல்லாம், "கால இழுத்து நடப்பாரு, பாத்தீங்களா?" என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். வெயிலில் தண்டவாளம் மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. அந்த நிமிஷம் எனக்குள் என்னென்ன ஓடியது என்று இப்போது எழுத முடியவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் குரல்.

"அக்கா, பேன்ட் பையில ஒரு சீட்டு வச்சுத் தைச்சிருக்கு, அதுல இந்த நம்பர் இருந்துச்சு. ஒரு அண்ணே எங்க கடையில இருக்காங்க. ஒண்ணும் ஆகல, நல்லா இருக்காங்க. பதறாம வாங்க."

திருச்சி ரோட்டில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சின்னச் செருப்புக் கடை அது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குக் கணவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்ததால் மனைவி கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். கோடு போட்ட பேன்ட், நெஞ்சில் என்னமோ இங்கிலீஷில் எழுதிய டி-ஷர்ட், மடியில் கறுப்புப் பை, காலில் லேஸ் கட்டாத கறுப்பு ஷூ. முழங்கையில் சிராய்த்து ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

நடந்ததை அந்தப் பெண்தான் சொன்னார். ரோட்டைக் கடக்கும்போது தொங்கிய லேஸை அவரே மிதித்துக் குப்புற விழுந்திருக்கிறார். மினி பஸ் ஒன்று அவருக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றிருக்கிறது. இந்தப் பெண் ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறார்.

"எங்கண்ணே போறீங்கன்னு கேட்டேன், சரின்னாங்க. வீடு எங்கன்னு கேட்டேன், அதுக்கும் சரின்னாங்க. அப்பறம் பாத்தா, வடமதுரை பஸ்ஸு வாரப்பல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கிறாங்க. நாந்தான் கையப் புடிச்சு உக்கார வச்சேன்."

வெள்ளிக்கிழமை. வடமதுரை. அவர் வேலைக்குக் கிளம்பியிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். பயந்த பயமெல்லாம் கோபமாகத்தான் வெளியே வந்தது. கடை என்றும் பார்க்காமல் கத்தினேன். "பஸ்ஸுல அடிபட்டுச் செத்திருந்தா நான் என்ன பண்றது? உங்களுக்குன்னு வாங்கி வச்சிருக்கேன்ல, அதப் போட்டுட்டு வந்தா என்ன?" வீட்டை விட்டு ஓடும்போதே, எதற்கென்று தெரியாமலே வாசலில் கிடந்த ரப்பர் ஷூவை ரேஷன் கூடைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அதை எடுத்துக் கீழே வைத்து, குனிந்து அவர் காலிலிருந்து கறுப்பு ஷூவைக் கழற்றப் போனேன்.

அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "சரி" என்றார்.

நான் மறுபடியும் பிடித்து இழுத்தேன். "சரி, சரி." குரல் உயர்ந்தது.

"அதான் சரின்னு சொல்றீங்கள்ல, காலக் குடுங்க" என்றேன்.

அந்தப் பெண் மெதுவாக என் தோளைத் தொட்டார். "அக்கா, அவுங்க வேணாம்னு சொல்றாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு மாதமாகக் கூடவே இருப்பவள் நான். ஒரு மணி நேரம் முன்னால் பார்த்தவர் எனக்குச் சொல்லித் தருகிறாரா? "சரின்னுதானே சொல்றாரு?" என்றேன்.

"வாயில வாரது அதாங்கா. கால பாருங்க."

பார்த்தேன். வராத வலது காலையும் சேர்த்து, நன்றாக இருக்கிற இடது காலால் ஸ்டூலுக்கு அடியில் அணைத்து இழுத்து வைத்திருந்தார். ரப்பர் ஷூ தன்மேல் பட்டுவிடக்கூடாது என்பதுபோல. முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். கண் நிறைந்திருந்தது.

அந்தப் பெண் என்னிடம் பேசவில்லை. அவருக்கு முன்னால் உட்கார்ந்து அவரிடம் கேட்டார். "அண்ணே, இந்த ரப்பரு புடிக்கலையா? ஒங்களுக்கு இந்தக் கறுப்புதான் வேணும், இல்லையா?"

"சரி" என்றார். இந்தச் சரி வேறு மாதிரி இருந்தது. மூச்சை விட்டுவிட்டுச் சொன்னது. இத்தனை மாதத்தில் நான் எத்தனை சரியை ஒரே சரியாகக் கேட்டிருக்கிறேனோ.

"செத்த நேரம் இருங்கக்கா" என்று உள்ளே போனார். ஒரு தகர டப்பாவோடு வந்தார். அதில் கறுப்பு எலாஸ்டிக் சுருள் இருந்தது. என் கணவர் தானாகவே நீட்டிய கால்களிலிருந்து ஷூவைக் கழற்றி, லேஸை உருவிப் போட்டுவிட்டு, அதே ஓட்டைகளில் எலாஸ்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தார். முடிச்சை ஷூவுக்கு உள்பக்கமாகப் போட்டு மறைத்தார். கோத்துக்கொண்டே தன் தலைமுக்காட்டைக் காட்டிச் சொன்னார். "எனக்குப் பின்னு குத்தி இதப் போட வராதுக்கா. குத்துனா கழுத்துல ஏறிரும். அதான் மடிப்பு வச்சுத் தைச்சு, உள்ள எலாஸ்டிக்க விட்டுட்டேன். தலை வழியா மாட்டுனா முடிஞ்சுது. பாக்குறவுகளுக்குப் பின்னு குத்துன மாதிரியேதான் இருக்கும்."

அவர் சொல்லும்வரை எனக்குத் தெரியவே இல்லை. நேர்த்தியாக மடித்துப் பின் குத்தியதுபோலத்தான் இருந்தது.

ஷூவை என் கணவர் முன்னால் வைத்தார். ஒரு நீளமான ஷூ கரண்டியை இடது கையில் கொடுத்தார். நான் உதவப் போனேன். "அவுங்களே போடட்டும்" என்று தடுத்துவிட்டார். என் கணவர் வலது காலை இடது கையால் தூக்கி நுழைத்தார். எலாஸ்டிக் விரிந்து கொடுத்தது. குதிகால் கரண்டியில் வழுக்கி உள்ளே இறங்கியது. அப்புறம் இடது கால். நேரம் ஆனது. எழுந்து நின்றார்.

செருப்புக் கடைகளில் தரையில் சாய்த்து ஒரு கண்ணாடி வைத்திருப்பார்களே, முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிகிற மாதிரி, அதன் முன்னால் போய் நின்றார். நானும் பின்னால் நின்று பார்த்தேன். கறுப்பு ஷூ, காலையில் கிளம்புகிற மனிதருடைய ஷூ. அதற்குமேல் கோடு போட்ட எலாஸ்டிக் பேன்ட், ஒரு கால் சுருண்டு ஏறிப்போய். நான் வாங்கிக் கொடுத்தது. எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி ஆள் உயரம். தினமும் அவர் அதில் தன்னை முழுசாகப் பார்த்திருக்கிறார். ஒருநாள்கூட அவர் இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்தார். "சட்டையையும் இப்படிப் பண்ணிரலாங்கா. பட்டன் எல்லாத்தையும் போட்டு, முன்பக்கத்த அப்படியே தைச்சிருங்க. மேல ரெண்ட மட்டும் விட்ருங்க. பனியன் மாதிரி தலை வழியா மாட்டிக்கலாம். வெளிய பாத்தா பட்டன் சட்டைதான்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்ற வார்த்தை அன்றைக்கு என் வாயில் வரவில்லை.

அன்று சாயங்காலமே மேல் தட்டிலிருந்து சட்டைகளை இறக்கினேன். மூன்றைக் கட்டிலில் விரித்து, "எது?" என்று கேட்டேன். "சரி" என்றார். நான் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். இடது கை ரொம்ப நேரம் யோசித்துவிட்டு வெளிர்நீலச் சட்டையின் மேல் போய் உட்கார்ந்தது. அதைத்தான் முதலில் தைத்தேன். கைப்பட்டைகளில் பட்டனுக்குப் பின்னால் துளி எலாஸ்டிக் வைத்தேன். பேன்ட்டுக்குப் பின் இடுப்பில் எலாஸ்டிக், முன்னால் கொக்கி இருப்பதுபோல ஒரு தையல். பெல்ட்டையும் அதோடு சேர்த்தே தைத்துவிட்டேன். முதல் சட்டை கோணல்மாணலாக வந்தது. பிரித்துவிட்டு மறுபடியும் தைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வடமதுரைக்கு பஸ் ஏறினோம். அவரே உடுத்திக்கொண்டு வந்தார். பையை நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. வழக்கமாக அவர் போகிற டாக்டரின் கிளினிக்குக்குத்தான் கூட்டிப்போனார். நான் நோயாளிகள் பக்கம் உட்கார்ந்தேன். அவர் நேராகப் போய், மருந்துக் கம்பெனிக்காரர்கள் காத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே வேலைக்குப் புதிதாக வந்தவர்போல ஒருவர் உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு இவருடைய சட்டையையும் ஷூவையும் பையையும் பார்த்தார்.

"சார் எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்.

எழுந்து போய் விளக்கம் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் என் கணவர் அவரைப் பார்த்துச் சிரித்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் போகிற சிரிப்பு. ஆனால் பதினோரு மாதத்துக்கும் மேலாக நான் பார்க்காத சிரிப்பு. "சரி" என்றார். அந்த ஆளுக்கு என்ன புரிந்ததோ, அவரும் சிரித்துவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகக் கதவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அரைமணி நேரம் ஆகியிருக்கும். கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டார்கள். அந்த ஆள் எழுந்து, "சார், நீங்க மொதல்ல போங்க" என்றார். என் கணவர் இடது கையை நீட்டி, நீங்கள் போங்கள் என்று காட்டினார். அவர் உள்ளே போய்க் கதவு சாத்தியதும், இவர் எழுந்து சட்டையை நீவி விட்டுக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே நடந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வழியெல்லாம் தென்னந்தோப்புகளையும் பூந்தோட்டங்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் வடமதுரைக்குப் போக வேண்டும் என்று எழுந்ததில்லை. ஆனால் சாயங்காலம் தெருமுனைவரை தனியாக நடந்துவிட்டு வருகிறார். யாராவது பார்க்க வந்தால் முன்னறையில் வந்து உட்காருகிறார். பேச்சுப் பயிற்சியில் நாலைந்து வார்த்தைகள் கூடியிருக்கின்றன. போதாதுதான்.

ஊர் ஊராகப் போய் வந்த அந்த மனிதர் இனி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். இத்தனை நாளும் அவருக்காக ஏங்கியது நான் ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நான் மாட்டிவிட்ட துணிக்குள் உட்கார்ந்துகொண்டு, என் பக்கத்திலேயே, அவரும் அதே மனிதருக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் செய்கிற வேலையில் கை ஓடுவதில்லை.